முதல் 28 நாட்கள்: பச்சிளங்குழந்தைக்கு நிமோனியா ஏன் வருகிறது?

கேள்வி:

எனக்கு 26 வயது, டாக்டர். மூன்று வருடத்துக்கு முன் முதல் பிரசவம். 35-வது வாரத்தில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி இல்லை. "வலி வந்த பிறகு போகலாம், இப்பவே போனா ஆபரேஷன் பண்ணிடுவாங்க" என்று வீட்டில் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நள்ளிரவில் சுகப்பிரசவம் ஆனது. பையன் 2 கிலோ 100 கிராம். பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, முனகிக்கொண்டே இருந்தான். நிமோனியா என்று சொல்லி, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் வைத்திருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறான்.

ஆனால், "மாசமா இருக்கும்போது ஐஸ் தண்ணியும் மோரும் குடிச்சா, அதான் பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சு" என்று என் அத்தை (மாமியார்) இன்றுவரை சொல்கிறார். எனக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி போகவில்லை. இப்போது மறுபடி ஐந்தாவது மாதம். தயிர், மோர், வாழைப்பழம், இளநீர் எதையும் தொட விடுவதில்லை. என் சந்தேகங்கள் நான்கு. முதல் குழந்தைக்கு நிமோனியா வந்ததற்கு உண்மையான காரணம் என்ன? இந்தக் குழந்தைக்கும் வருமா? வராமல் தடுக்க நான் என்ன செய்ய வேண்டும்? பிறந்த பிறகு மூக்கில் எண்ணெய் விடுவது, விரல் விட்டுச் சளி எடுப்பது, சாம்பிராணி போடுவது இதெல்லாம் செய்யலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: பச்சிளங்குழந்தை நல மருத்துவர்

அன்புச் சகோதரி,

நீங்கள் குடித்த மோரும் ஐஸ் தண்ணீரும் உங்கள் மகனின் நுரையீரலுக்குப் போகவில்லை. போக வழியே இல்லை. எவ்வளவு குளிர்ந்த நீரைக் குடித்தாலும் வயிற்றுக்குள் போன கொஞ்ச நேரத்தில் அது உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் சத்துகளும் நோய் எதிர்ப்புப் புரதங்களும்தான். தாய் சாப்பிட்ட குளிர்ச்சியான பொருள் அந்த வழியில் சளியாகப் போய்க் குழந்தையின் நெஞ்சில் கட்டுவது என்பது நடக்காத காரியம். அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நிமோனியா கிருமியால் வரும் நோய். நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகளில் பாக்டீரியாவோ வைரஸோ தங்கி, அங்கே நீரும் சீழும் சேர்ந்து, ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது தடைபடுகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: கிருமி எந்த வழியாக வந்தது? அதை எதிர்க்கும் பலம் குழந்தைக்கு ஏன் போதவில்லை? இரண்டுக்கும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 35 வாரம், 2,100 கிராம், 24 மணி நேரம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

35 வாரம்

37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. நுரையீரலின் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்க வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் காப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பான படலம். அது இல்லாவிட்டால், நனைந்த பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வது போலக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படலம் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவுக்குச் சுரக்கிறது.

தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி குழந்தைக்குப் போய்ச் சேருவதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். சீக்கிரம் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தப் பங்கு முழுதாகக் கிடைப்பதில்லை. மேலும், சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறனும் குறைமாதக் குழந்தைக்கு முழுமையாக வந்திருக்காது. அதனால் பால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் கூடுதல்.

2,100 கிராம்

2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறோம். தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவாக இருப்பதால் இவர்களின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குழந்தை தன் சக்தியையும் ஆக்சிஜனையும் சூடு உண்டாக்குவதிலேயே செலவழித்துவிடும். பால் குடிக்கவும் மூச்சு விடவும் கிருமியோடு போராடவும் தெம்பு மிஞ்சாது. எடை குறைய, தாயின் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, போதாத உணவு, இரட்டைக் கரு, குறைப்பிரசவம் எனப் பல காரணங்கள் உண்டு.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தயிரும் மோரும் புரதமும் கால்சியமும் தருபவை. சளி பிடிக்கும் என்ற பயத்தில் அவற்றை நிறுத்தினால் உங்கள் உணவில் குறை விழும். மருத்துவர் உங்களுக்கென்று தனியாகத் தடை சொல்லாதவரை தயிர், மோர், பழம், கீரை, முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

24 மணி நேரம்

மூன்றில் இதுவே முக்கியமானது. பனிக்குடம் முழுதாக இருக்கும்வரை அது ஒரு கதவு. உடைந்துவிட்டால், பிறப்புறுப்பில் இயல்பாகவே இருக்கும் கிருமிகள் மேலேறிக் கருப்பைக்குள் போகலாம். கருவிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரை உள்ளிழுத்து வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நீரில் கிருமி இருந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் குழந்தைக்குத் தொற்று வரும் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது என்பதால், மருத்துவர்கள் அந்த அளவை எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறோம். உங்களுக்கு 24 மணி நேரம் தாண்டியிருக்கிறது. பிறந்து முதல் மூன்று நாளுக்குள் வரும் நிமோனியா பெரும்பாலும் இப்படித் தாயின் வழியாக வந்ததே. உங்கள் மகனுக்குச் சில மணி நேரத்திலேயே தொடங்கியதும் இதற்குப் பொருந்துகிறது.

அப்படியானால் தாமதித்தது உங்கள் தவறா என்று மனம் கேட்கும். பல பெண்களுக்குக் காய்ச்சலோ வலியோ இல்லாமல் ஓசைப்படாமல் வந்த தொற்றே பனிக்குடம் முன்கூட்டி உடையவும் குறைப்பிரசவம் ஆகவும் காரணமாகிறது. உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம். 'ஆபத்துக் காரணி' என்று நாங்கள் சொல்வது வாய்ப்பைக் கூட்டும் ஒன்றை மட்டும்தான். 18 மணி நேரம் தாண்டியும் நலமாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம். உங்களைக் காத்திருக்கச் சொன்னவர்களும் ஆபரேஷனுக்குப் பயந்து சொன்னார்களே தவிர, கெடுதல் நினைத்தவர்கள் அல்லர். வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை.

மற்றக் காரணங்கள்

பிரசவ நேரத்தில் தாய்க்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள பனிக்குட நீர், சரியாகச் சிகிச்சை பெறாத சிறுநீர்த் தொற்று, பனிக்குடம் உடைந்த பிறகு தேவைக்கு மேல் செய்யப்படும் உள் பரிசோதனைகள் ஆகியவை தாய் வழியாக வரும் ஆபத்தைக் கூட்டும். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்த குழந்தைக்கு நுரையீரல் புண்பட்டு, தொற்றுக்கும் இடம் உண்டாகிறது.

நாள் நட்சத்திரம் பார்த்து, மருத்துவக் காரணமே இல்லாமல், 39 வாரம் ஆகும் முன் சிசேரியன் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகியிருக்கிறது. பிரசவ வலி வராமலே அறுவை செய்து எடுக்கும்போது குழந்தையின் நுரையீரலில் இருக்கும் நீர் வடியத் தாமதமாகி மூச்சு வாங்கும். இது நிமோனியா அல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் முதல் சில மணி நேரத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஊசி மருந்து கொடுக்க வேண்டிவரலாம். அவசியமில்லாத அவசரத்துக்கு அந்தக் குழந்தை கொடுக்கும் விலை இது.

அண்ணப்பிளவு, உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் இணைந்திருக்கும் பிறவிக் குறை, பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் நிமோனியா எளிதில் வரும்.

மூன்று நாளுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்து வருவது. செயற்கைச் சுவாசக் கருவியில் நெடுநாள் இருக்க நேர்ந்த குழந்தைக்குக் குழாய் வழியாகவே தொற்று வரலாம். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் கிடைத்தவை அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை என்ற கிருமிகள். அவற்றில் பல வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் உங்களை முழங்கை வரை கைகழுவச் சொல்வதும், உறவினர் கூட்டத்தை உள்ளே விடாததும் இதனால்தான்.

வீட்டில், இருமலோடும் ஜலதோஷத்தோடும் வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுபவர்கள், பீடி சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருள், புட்டிப்பால் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பெரியவருக்குச் சாதாரண ஜலதோஷமாக வரும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ், பிறந்த குழந்தையின் நூல் போன்ற மூச்சுக்குழல்களை அடைத்துவிடும்.

இந்தக் குழந்தைக்கும் வருமா?

வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. ஒருமுறை குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு மறுபடியும் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை நிறைமாதத்தில்தான் பெற்றெடுக்கிறார்கள். உங்களுக்கு நான்கரை மாத அவகாசம் இருக்கிறது. அதை இப்படிப் பயன்படுத்துங்கள்.

முதலில், மகனின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் 'பிளட் கல்ச்சர்' என்ற ரத்தப் பரிசோதனையில் ஏதாவது கிருமி வந்ததா என்று எழுதியிருக்கும். 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பெயர் இருந்தால், இந்தமுறை பிரசவ வலியின்போதே உங்களுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். குழந்தையைக் காக்க அது நேரடியான வழி. காகிதம் தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனைப் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக, ஐந்தாம் மாத ஸ்கேனின்போது கருப்பை வாயின் நீளத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது குட்டையாக இருந்தால் புரோஜெஸ்டிரான் மருந்து போன்ற சிகிச்சைகள் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எரிச்சல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பிரசவம் எங்கே என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் முன்கதையைப் பார்க்கும்போது, 24 மணி நேரமும் சிசேரியன் வசதியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் உள்ள இடம்தான் சரி. அரசு மருத்துவமனை என்றால் இந்த வசதிகள் கொண்ட 'சீமாங்க்' மையம் உள்ளதாகப் பாருங்கள்.

நான்காவதாக, பனிக்குடம் உடைந்தால் அல்லது நீர் கசிவதாகச் சந்தேகம் வந்தால், வலி வரக் காத்திருக்காதீர்கள். எந்த மாதமானாலும், எந்த நேரமானாலும் 108-ஐ அழையுங்கள். சுத்தமான பேடு வைத்துக்கொண்டு, நீர் வந்த நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். சீக்கிரம் போனால் கிடைக்கும் பலன் பெரிது. 34 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதை 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை போட வேண்டும் என்பதால், வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்புதான். தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் மருந்தும் தொடங்குவார்கள். போன உடனே ஆபரேஷன் என்பதும் இல்லை. குழந்தையும் நீங்களும் நலமாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயற்சி செய்வார்கள்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ, மஞ்சள்காமாலைத் தடுப்பு மருந்துகள் நிமோனியாவுக்கானவை அல்ல. நிமோனியாவுக்கு எதிரான பென்டாவலன்ட், பிசிவி ஊசிகள் ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகின்றன. முதல் மாதத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு உங்கள் உடம்பிலிருந்து போவது மட்டுமே. எனவே கக்குவான், ஃபுளூ தடுப்பூசிகளைக் கர்ப்ப காலத்திலேயே போட்டுக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிறந்த பிறகு வீட்டில் செய்யக் கூடியதும் கூடாததும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் வைக்க வேண்டாம். உரைமருந்து, கிரைப் வாட்டர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். சப்பத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, மருத்துவமனையில் சொல்லித்தந்தபடி பாலாடையில் புகட்டலாம். குழந்தை விழித்து, தலை சற்று உயர்ந்து இருக்க வேண்டும். அழும் குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, சங்கில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் இருமலைக் கிளப்பாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதை உடம்பால் கரைக்க முடியாது. எண்ணெயாலேயே வரும் நிமோனியா என்று ஒன்று உண்டு. தென்னிந்தியக் குழந்தைகளிடம் அது பல காலமாகப் பதிவாகியிருக்கிறது. தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் புண்ணையும் கிருமியையும்தான் கொடுக்கும். பிறந்த குழந்தை தும்முவதும் மூக்கில் கர்கர் சத்தம் வருவதும் இயல்பு. பால் குடிக்கத் தடையாக இருந்தால் மருத்துவர் சொல்லும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தலையைத் துணியால் துவட்டினாலே ஈரம் போய்விடும். எடை குறைந்த குழந்தையை அவசரப்பட்டுக் குளிப்பாட்டாமல், துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

எடை குறைந்து பிறந்தால், குழந்தையை உங்கள் வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு மிகச் சிறந்த மருந்து. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1,800 கிராமுக்கும் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது. அப்பாவும் பாட்டியும்கூட முறைபோட்டு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது ஓட வேண்டும்?

பெரிய குழந்தைகளைப் போலப் பச்சிளங்குழந்தை இருமிக் காட்டாது. காய்ச்சலும் வராமல் போகலாம். அதனால் மூச்சைப் பாருங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பிறந்த குழந்தைக்குச் சில விநாடி மூச்சு நின்று மறுபடி வருவது இயல்பு. அதனால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குவது, முனகல், மூக்கு விடைப்பது, பால் குடிக்க மறுப்பது, தூண்டினால் மட்டும் அசைவது, வலிப்பு, உதடும் நாக்கும் நீலமாவது, உடம்பு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவது அல்லது 35.5-க்குக் கீழே சில்லிடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும், எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். மார்போடு அணைத்துச் சூடாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். 2011 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசின் தாய் சேய் நலத் திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் பரிசோதனையும் போக்குவரத்தும் இலவசம். பணம் இல்லையே என்று ஒரு மணி நேரம்கூடத் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தயிர் சாப்பிடலாம் என்பதை மருத்துவரின் வாயால் அவர் கேட்கட்டும். மூச்சை எண்ணும் விதத்தைச் செவிலியரிடம் அவரும் கற்றுக்கொள்ளட்டும். பிரசவமான முதல் மாதத்தில் நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் குழந்தைக்கு அருகில் இருக்கப்போகிறவர் அவர்தான். பேரப்பிள்ளையைப் பற்றிய அவருடைய கவலைக்குச் சரியான வேலையைக் கொடுத்துவிட்டால், உங்கள் குழந்தைக்கு அவரைவிட நல்ல காவல் கிடைக்காது.